புதுப்பிப்பு: மூச்சுவிட இடமில்லாத அந்த 200 வரி ஃபங்ஷன்

போன வாரம் இந்த இழையில், பைத்தான் நிரல்மொழியில் பொருட்களின் விலையைக் கூட்டும், வெற்று வரியே இல்லாத 200 வரி ஃபங்ஷனைப் (நிரல் பகுதியை) படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேன். டேப்பும் ஸ்பேஸும் வரித் தொடக்கங்களில் கலந்து கிடந்ததால், பைத்தான் காட்டும் டேப்எரர் என்ற பிழைச் செய்தி வேறு.

சரி, முதலில் டேப்பையெல்லாம் நான்கு ஸ்பேஸாக மாற்றினேன். பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 சொல்வதும் அதுதான். அப்புறம் ஒவ்வொரு வேலை முடிகிற இடத்திலும் ஒரு வெற்று வரி. கோப்பைப் படிப்பது, பிரிப்பது, கூட்டுவது என்று தனித்தனியாக நின்றது. மொத்தம்=விலை*அளவு+கூலி என்று ஒட்டிக் கிடந்ததை மொத்தம் = விலை*அளவு + கூலி என்று எழுதியதும், பெருக்கல் முதலில் என்பது பார்த்தவுடனே தெரிகிறது.

இதில் பிழையும் அகப்பட்டது! விடையைத் தந்து ஃபங்ஷனை முடிக்கும் ரிட்டர்ன் வரி நான்கு ஸ்பேஸ் கூடுதலாகத் தள்ளி, ஒவ்வொரு பொருளுக்கும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் நின்றிருந்தது. அதனால்தான் முதல் பொருளின் விலை மட்டும் வந்திருக்கிறது.

இடைவெளி மாற்றங்களைத் தனி கமிட்டாக (மாற்றப் பதிவாக) போட்டுவிட்டேன்.