குவேக்கர் பள்ளியில் ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் நன்றி சொல்வது எப்படி?

கேள்வி – வள்ளி_பிஏ
வணக்கம். பிலடெல்பியா பக்கம் ஒரு குவேக்கர் பள்ளி (எளிமையும் மௌன வழிபாடும் போற்றும் கிறித்தவப் பிரிவினர் குவேக்கர்கள்). நாலாம் வகுப்புப் பெற்றோர் சார்பில் நன்றி விழா ஏற்பாடு செய்யும் பொறுப்பு எங்களிடம் வந்திருக்கிறது. ஆண்டு முடிவில் பள்ளித் தலைவரும் ஓய்வு பெறுகிறார். மேடை, பொன்னாடை, கேடயம், ‘சிறந்த ஆசிரியர்’ விருது என்று குழுவில் பேச்சு ஓடுகிறது. இந்தப் பள்ளிகளின் எளிமைக்கு இதெல்லாம் ஒத்துவருமா? இல்லையென்றால் வேறு என்ன செய்யலாம்?

பதில் – மெய்யன்
விருதை முதலில் கைவிடுங்கள். ஒருவரைச் சிறந்தவர் என்று அறிவித்தால் அதே தாழ்வாரத்தில் உழைக்கும் மற்றவர்களைத் தரம் பிரித்ததாகிவிடும். சமத்துவம் இவர்களுக்கு உயிர்க்கொள்கை. 1670இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் தொப்பியோடு நின்றதற்காக, பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய குவேக்கரான வில்லியம் பென்னுக்கு அபராதம் விதித்தார்கள். பதவிக்காக ஒருவர் முன் தொப்பியைக் கழற்றுவதில்லை என்பது குவேக்கர்களின் உறுதி. 1689இல் தொடங்கி, இப்போது அவர் பெயரைத் தாங்கும் பென் சார்ட்டர் பள்ளி பிலடெல்பியாவில் இன்றும் நடக்கிறது. பல குவேக்கர் பள்ளிகளில் பிள்ளைகள் ஆசிரியரை முதற்பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இந்த மரபில் வந்ததுதான்.

மேடைக்குப் பதிலாக, நன்றிக்கென்றே ஒரு மௌனக் கூடுகை நடத்தித் தரும்படி பள்ளியைக் கேளுங்கள். பள்ளியில் வாரந்தோறும் நடக்கும் மௌன வழிபாட்டுக் கூடுகையைக் கவனிக்கும் ஆசிரியரிடம் மூன்று, நாலு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். நாலாம் வகுப்புக்கு இருபது நிமிடம் போதும்; பெற்றோரும் வந்தால் அரை மணி. தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை மெதுவாக வாசிக்கட்டும்: “இந்த ஆண்டு யாருடைய பொறுமை உனக்கு உதவியது?” பிறகு மௌனம். தோன்றியவர் எழுந்து, சுருக்கமாகச் சொல்லி, உட்காரலாம். ஒருவருக்கு ஒருமுறைதான். கைதட்டல் கிடையாது, பதில் பேச்சும் கிடையாது. முடிக்கும் பொறுப்புள்ளவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்ததும் கூடுகை முடிந்தது.

கெடுவது பெரும்பாலும் பெரியவர்களால்தான். ஒருவர் உட்காருமுன் அடுத்தவர் எழுதி வந்த உரையோடு எழுந்துவிடுவார். சொன்னது மனதில் இறங்க இடமே இருக்காது. ஒருவர் பேசி முடித்தபின் குறைந்தது ஒரு நிமிடம் அமைதி வேண்டும் என்று பெற்றோருக்கு முதல் நாளே தகவல் அனுப்புங்கள். ஐந்து நிமிடம் யாருமே எழாவிட்டாலும் பதறவேண்டாம். அந்த மௌனமும் கூடுகைதான்.

பதில் – செங்காந்தள்
ஓய்வு பெறும் தலைவருக்குக் கேடயத்தைவிட நன்றித் தீர்மானம் பொருத்தம். குவேக்கர் நிர்வாகக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. எழுத்தர் (கூட்டத்தை நடத்தி முடிவைப் பதிபவர்) வரைவை உரக்க வாசிப்பார். ஆட்சேபம் வந்தால் அங்கேயே திருத்துவார். கூடியிருப்பவர்கள் மனம் ஒத்தபின்தான் அது பதிவேறும். அப்படி நிறைவேறிய ஒரு பக்கத்தின் கனம் எந்த வாழ்த்து மடலுக்கும் வராது.

பெற்றோர் குழு வரைவு எழுதி, பள்ளி நிர்வாகக் குழுவின் எழுத்தருக்கு அனுப்பலாம். எந்த ஆண்டு முதல் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதை அலுவலகத்தில் கேட்டுச் சரிபாருங்கள். பிறகு அவர் செய்த மூன்று, நாலு காரியங்கள், அவற்றால் என்ன மாறியது. “ஈடு இணையற்ற”, “தன்னலமற்ற” போன்ற அடைமொழிகளை அடித்துவிடுங்கள். “பேருந்து நேரம் மாறியபோது தினமும் காலை வாசலில் நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டார்” என்ற ஒரு வரி போதும். மிகைப்படுத்தினால் வாய்மை என்ற அவர்கள் கொள்கையே அடிபடும். வரைவும் திருத்தத்தில் மாட்டிக்கொள்ளும். கூட்டம் மாதம் ஒருமுறைதான் என்றால் ஜூன் விழாவுக்கு ஏப்ரலிலேயே வரைவு போயாக வேண்டும்.

மெய்யன் பொன்னாடை பற்றி ஒன்றும் சொல்லவில்லை; அதை விடவேண்டியதில்லை என்பேன். பொன்னாடை நம் அன்பின் வழக்கம். மேடை இல்லாமல், அலுவலக அறையில் கையில் கொடுத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களில் பலர் குவேக்கர்களே அல்ல என்பதையும் மறக்கக்கூடாது.

பதில் – அடுப்படி_கணக்கு
பணம் திரட்டினால் தொகை குறிப்பிடாதீர்கள். ஒருவர் மட்டும் வாங்கட்டும். யார் எவ்வளவு தந்தார் என்பது அவரோடு நிற்கட்டும். வாழ்த்து அட்டையில் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் வரவேண்டும், தந்தவர், தராதவர் என்ற பேதம் கூடாது. பள்ளியின் பரிசு விதியை முன்பே வாங்கிப் படியுங்கள். ஆசிரியர் பெயரால் கல்வி உதவி நிதிக்குக் கொடுத்தால் அது நன்கொடை, பள்ளி ரசீது தரும். ஆசிரியர் கையில் கொடுப்பது அன்பளிப்பு, வரிக் கழிவு வராது.

நம் சமையலில் மதிய விருந்து என்றால் நாற்பது பேருக்கு 120 இட்லி, 7 லிட்டர் சாம்பார். ஆசிரியர்களுக்கு மேற்பார்வை முறை இருப்பதால் எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள். 11 முதல் 1.30 வரை சாம்பார் 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் மின்பானையில் இருக்கட்டும். ஒவ்வாமை இருக்கலாம் என்பதால் முந்திரி, வேர்க்கடலை வேண்டாம். நெய், தேங்காய் இருந்தால் சீட்டு எழுதி வையுங்கள். பலர் தவறவிடுவது பெருங்காயம்: கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், குளூட்டன் (கோதுமையில் உள்ள புரதம்) ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. காகிதத் தட்டுக்குப் பதில் பள்ளி உணவகத் தட்டுகளையே கேட்டு வாங்குங்கள்.

வள்ளி_பிஏ
மிக்க நன்றி. விருதை எடுத்துவிட்டோம். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு என்ன செய்வது? பிள்ளைகளுக்கு அவர்களை அவ்வளவாகத் தெரியாதே.

பதில் – செங்காந்தள்
பட்டியலை முதலில் முழுமையாக்குங்கள்: சேர்க்கை, கணக்கு, செவிலியர், பேருந்து ஒருங்கிணைப்பு, பராமரிப்பு, சமையலறை. இவர்களுக்குப் பெற்றோர் எழுதும் கடிதம்தான் பொருத்தம். அரைப் பக்கம், ஒரு நிகழ்வு. பள்ளித் தலைவருக்கு அனுப்பி, நகலை உரியவருக்குத் தாருங்கள். தனியார் பள்ளிகள் பலவற்றில் அடுத்த ஆண்டு ஒப்பந்தங்கள் பிப்ரவரி, மார்ச்சில் போடப்படுவதால், அடுத்த முறை ஜனவரியிலேயே எழுதினால் அவர்களுக்கு உண்மையாகவே பயன்படும். கட்டண உதவி கிடைத்ததற்கான நன்றியைக் கூடுகையிலோ பொது அட்டையிலோ சொல்லவேண்டாம். எந்தக் குடும்பம் உதவி பெறுகிறது என்பதை அலுவலகம் ஆண்டு முழுக்க வெளியே விடாமல் காக்கிறது. அதை நாமே உடைக்கக்கூடாது.