மொறிஸ் மைனர்: வேகம் கூட்டினால் சிவப்பு லைற் திரும்ப எரிகிறது, பற்றரி சார்ஜ் ஏறுவதில்லை

மைனர்_யாழ்:
வணக்கம். வாகனம் 1958 மொறிஸ் மைனர் 1000, 948 சிசி. கரண்ட் உற்பத்தி செய்வது லூக்காஸ் டைனமோ, அதைப் பற்றரியோடு இணைத்துத் துண்டிப்பது ஆர்பி 106 கட்-அவுட் பெட்டி. பொடி (காரின் தகர உடல்) வேலை, பெயின்ற் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததில் இருந்து சார்ஜ் ஏறவில்லை. சாவி போட்டால் சார்ஜ் காட்டும் சிவப்பு லைற் எரிகிறது. ஸ்டார்ட் பண்ணி மெல்ல அக்சிலேற்றர் கொடுத்தால் அணைகிறது. இன்னும் கொடுத்தால் முன்னதைவிடப் பளிச்சென்று எரிகிறது! டைனமோவின் கார்பன் பிரஷ் மாற்றியாயிற்று, பற்றரியும் புதிது. வேறென்ன பார்க்கலாம்?

கொக்குவிலான்:
டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் ஆல்ட்டனேற்றர் ஒன்று போடுங்கோ தம்பி. தலையிடி இல்லை.

பழைய_வயர்மன்:
பொறுங்கோ அண்ணை, அந்தக் கார் பிளஸ் ஏர்த், பற்றரியின் பிளஸ்தான் பொடியோடு இணைந்திருக்கும். ஆல்ட்டனேற்றர் போடுவதென்றால் பற்றரியையே திருப்ப வேண்டும். அதோடு இவருடைய டைனமோ நன்றாகத்தான் வேலை செய்கிறது.

தம்பி, அந்த லைற்றின் ஒரு பக்கம் சாவி வழியாகப் பற்றரி, மறுபக்கம் டைனமோவின் டி முனை. இரண்டிலும் வோல்ற்றேஜ் சமமானால் அணையும். டைனமோ பற்றரியைத் தாண்டிப் போனால் திரும்ப எரியும். ஆக, கரண்ட் உற்பத்தியாகிறது, கட்-அவுட்தான் மூடவில்லை. அதன் சுருள் இழுக்க பெட்டியின் ஈ முனைக்கு பொடியோடு ஏர்த் வேண்டும். அதே ஏர்த் இல்லாவிட்டால் அந்தப் பெட்டிக்குள் வோல்ற்றேஜை அடக்கும் ரெகுலேற்றரும் கட்டுப்படுத்தாது, டைனமோ கண்டபடி ஏறும். அதனால் இப்போதைக்கு றேஸ் பண்ண வேண்டாம்.

எஞ்சின் ஐடிலுக்குச் சற்று மேலே ஓடும்போது ஈ முனைக்கும் பற்றரியின் பிளஸ்ஸுக்கும் நடுவே மீற்றர் வையுங்கோ. ஏறக்குறைய பூச்சியம் காட்ட வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் திருகுகளில் கை வைக்காதீர்கள்.

மைனர்_யாழ்:
பூச்சியமா? 15 வோல்ற் காட்டியது அண்ணை! ஈயில் இருந்து வரும் கறுப்பு வயரைப் பின்தொடர்ந்தேன். அதன் வளையம் பல்க்ஹெட்டில் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவர்) பூட்டியிருக்கும் இடத்தில், வளையத்துக்கு அடியிலேயே பச்சைப் பெயின்ற் தடிப்பாக அடித்திருக்கிறார்கள். தகரம் தெரியும்வரை சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கினேன். இப்போது வேகம் கூட்டினால் லைற் அணைந்தே இருக்கிறது, பற்றரியில் 14.1. ஆனால் அக்சிலேற்றர் கொடுக்காமல் ஐடிலில் விட்டால் லைற் மங்கலாக மினுங்குகிறது. அது பிழையா?

பழைய_வயர்மன்:
இல்லை. கட்-அவுட் 12.7 முதல் 13.3 வோல்ற்றுக்குள்தான் மூடும். ஐடிலில் டைனமோ அந்த அளவுக்கு வராது. முழு வேகத்திலேயே உங்கள் டைனமோவின் உச்சம் 19 ஆம்பியர். இரவில் பெரிய லைற் போட்டுக்கொண்டு சந்தியில் நிற்கும்போது பற்றரிதான் கொடுக்கும், ஓடும்போது திரும்ப நிரம்பும். சுரண்டிய இடத்தில் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கோ, நம்மூர் உப்புக்காற்றுக்குத் துரு பிடித்துவிடும். எஞ்சினில் இருந்து பொடிக்கு வரும் ஏர்த் பட்டியையும் கழற்றிப் பாருங்கோ. அதே பெயின்ற்காரர் அங்கேயும் அடித்திருப்பார்.

கொக்குவிலான்:
சரி, ஆல்ட்டனேற்றரை நான் என் ஒஸ்ரின் ஏ40 காருக்கே வைத்துக்கொள்கிறேன்.