சனிக்கிழமை மகளுக்குக் குதிரை ஷோ, எனக்குக் கை கால் ஓடவில்லை

புதுக்குடித்தனம் (வியாழன், இரவு 10:40)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். நாங்கள் இங்கே வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. மகள் பக்கத்தில் உள்ள ஒரு லாயத்தில் வாரத்துக்கு ஒரு நாள் குதிரை கற்றுக்கொள்கிறாள். அப்பலூசா என்ற புள்ளிக் குதிரை இனத்துக்கான வட்டார கிளப் சனிக்கிழமை நடத்தும் ஷோவில் அவள் பெயரையும் கொடுத்துவிட்டதாக டீச்சர் இன்று மாலைதான் சொன்னார். நான்கு பக்கப் படிவம் ஒன்றும் கையில் திணித்தார். காயம், ஊனம், மரணம், எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே என் கையெழுத்தைக் கேட்கிறார்கள். மரணம் என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. கணவர் கான்ஃபரன்ஸுக்குப் போயிருக்கிறார், ஞாயிறுதான் வருவார்.

இன்னொன்று. அந்தக் குதிரைக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை தெரிகிறது, எந்நேரமும் மிரண்டு பார்ப்பது போலவே இருக்கிறது. மூக்குத் தோல் திட்டுத் திட்டாக வெளுத்திருக்கிறது. குளம்பில் கோடு கோடாக ஏதோ. நோயா? மாமியாரிடம் போனில் சொன்னால், "சுழி பார்த்தியா?" என்கிறார். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா?

ஹூஸ்டன் மாமா (இரவு 10:58)

முதலில் இன்ஷூரன்ஸ் அட்டையைத் தேடி எடுத்து வையம்மா. நான் 1998இல் வந்த இரண்டாவது மாதம் மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டு போனது. அவசரப் பிரிவில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், டாக்டர் என்னைப் பார்த்தது ஐந்து நிமிடம். வந்த பில்லைப் பார்த்து மனைவி அழுதாள். எட்டு மாதம் தவணை கட்டினேன். அப்போது கிரெடிட் கார்டும் கிடையாது, வாடகை வீட்டுக்கு ஜாமீன் போட ஆளும் கிடையாது. இப்போது வருகிறவர்களுக்கு எல்லாம் போனிலேயே நடக்கிறது. டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுப்பதற்கு முன் நம் கையிலிருந்து கட்ட வேண்டியது, எவ்வளவு என்று பார். அதுதான் முக்கியம். குதிரை அப்புறம்.

கால்கரி ரஞ்சி (இரவு 11:15)

தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. இங்கே ஆல்பர்ட்டாவில் இந்தக் குதிரை நிறைய. கனடா அப்பலூசா கிளப்பின்ரை தலைமையகமே கிளேர்ஸ்ஹோமில்தான், எங்களிடத்திலிருந்து ஒன்றேகால் மணித்தியாலம். என்ரை பிள்ளை மூன்று வருசம் ஓடினவள். ஒரு விசயம் சொல்லுறன், முதல் பரிசுக்குச் சிவப்பு ரிப்பன் தருவினம், இரண்டாவதுக்கு நீலம். நாங்கள் வந்த முதல் குளிர்காலம் மைனஸ் முப்பத்தைந்து. காரின் எஞ்சினுக்குச் சூடுபோட மின்சாரக் கயிறு செருகவேணும் என்றே ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. பிள்ளைக்கு உள்ளங்கி இரண்டு போடுங்கோ.

எடிசன் கார்த்தி (இரவு 11:21)

அக்கா, தப்பு. முதல் பரிசு நீலம், இரண்டாவது சிவப்பு. எங்கள் ஊர்க் கண்காட்சியில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கால்கரி ரஞ்சி (இரவு 11:24)

தம்பி, என்ரை வீட்டுச் சுவரில் பதினொரு சிவப்பு ரிப்பன் தொங்குது. எல்லாத்திலும் முதலாமிடம் என்று எழுதியிருக்கு.

ரசம்சாதம் (இரவு 11:40)

ரெண்டு பேரும் சரிதான். அமெரிக்காவில் நீலம், கனடாவில் சிவப்பு. அவர் எந்த நாடு என்று யாராவது கேட்டீர்களா? குழந்தைக்கு என்ன வயது? குதிரை சொந்தமா, லாயத்துடையதா? ஏறி ஓட்டப் போகிறாளா? எதையும் சொல்லாமல் கையெழுத்துப் போடலாமா என்றால் நாங்கள் எப்படிச் சொல்வது?

பேரவை பாலு (இரவு 11:52)

குதிரையெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்கு. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி என்று ஒன்று நடக்கிறதே, அது யாருக்காவது நினைவிருக்கிறதா? எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள் சேர்ந்தார்கள். கால்பந்து, நீச்சல், ரோபோ என்று ஒவ்வொன்றாகக் கழண்டு இப்போது ஒன்பது பேர். குதிரையால் ஒருவரை இழப்பது இதுதான் முதல் தடவை.

எடிசன் கார்த்தி (இரவு 11:59)

பாலு சார், பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ஆகிற செலவில் ஒரு குதிரையே வாங்கிவிடலாம். மண்டபம், நட்டுவனார் விமானச் சீட்டு, நானூறு பேருக்குச் சாப்பாடு. போன வருடம்தான் முடித்தோம், இன்னும் மூச்சு வரவில்லை.

பேரவை பாலு (வெள்ளி, நள்ளிரவு 12:06)

குதிரை வாங்குவது சுலபம். அதற்குத் தினமும் தீனி போடுவது யார்? லாய வாடகை, லாடம், பல் ராவ ஆள். அரங்கேற்றம் ஒரு நாளோடு முடிந்துவிடும்.

வரலாற்றுப் பைத்தியம் (வெள்ளி, நள்ளிரவு 12:30)

அப்பலூசா என்ற பெயரே ஒரு ஆற்றின் பெயர். வாஷிங்டன், ஐடஹோ எல்லையில் பலூஸ் ஆறு ஓடுகிறது. அந்தப் பக்கத்துப் புள்ளிக் குதிரையை வெள்ளைக்காரர்கள் "எ பலூஸ்" என்று சொல்லிச் சொல்லி அப்பலூசா ஆக்கிவிட்டார்கள். வளர்த்தவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடியினர். தங்களை நிமீபூ என்று சொல்லிக்கொள்பவர்கள். 1877இல் அமெரிக்கப் படை துரத்த, ஆயிரம் மைலுக்கு மேல் குடும்பம் குடும்பமாகக் குதிரையில் ஓடி, கனடா எல்லைக்கு ஏறக்குறைய 40 மைல் இருக்கும்போது பிடிபட்டார்கள். குதிரைகளைப் பறித்துச் சிதறடித்தார்கள். மிச்சமிருந்ததைக் காப்பாற்றவென்று 1938இல்தான் கிளப் தொடங்கியது. 1965 முதல் அவர்கள் ஓடிய அதே தடத்தில் வருடம் ஏறக்குறைய நூறு மைல் சவாரி போகிறார்கள், முழுத் தடமும் முடிய 13 வருடம். அப்பலூசாவில் வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் நம்மில் எத்தனை பேர், அதனால்தான் எழுதினேன்.

கால்கரி ரஞ்சி (வெள்ளி, நள்ளிரவு 12:41)

எல்லைக்கு நாற்பது மைல். அதைத்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்.

புதுக்குடித்தனம் (வெள்ளி, காலை 6:15)

மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போயிற்று. நாங்கள் புல்மனில் இருக்கிறோம், வாஷிங்டன் மாநிலம். கணவர் பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக். ஷோ பக்கத்து மாஸ்கோவில். ரஷ்யா இல்லை, ஐடஹோ! மகளுக்குப் பதினொரு வயது. குதிரை லாயத்துடையது, பதினேழு வயதுக் கிழவி, பெயர் பெப்பர். வகுப்பின் பெயர் யூத் ஷோமன்ஷிப் என்று எழுதியிருக்கிறது. எனக்கு லைசென்ஸ் இல்லை. ஏழு மாதமாகத் தோசை மாவுகூடப் புளிக்கவில்லை, இதில் குதிரை வேறு.

ஸ்போக்கேன் வசந்தி (வெள்ளி, காலை 7:05)

அட, நம்ம பக்கம்தானா! முதலிலேயே சொல்லியிருந்தால் எல்லோரும் இரவு தூங்கியிருக்கலாம். என் மகன் இதே கிளப் ஷோக்களில் நாலு வருடம் நின்றவன். இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான், தொப்பி மட்டும் அலமாரியில் இருக்கிறது.

உங்கள் மகள் குதிரை மேல் ஏறவே போவதில்லை. ஷோமன்ஷிப் என்றால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடப்பது. குதிரையை நடத்தி, கூடவே ஓடவைத்து, திருப்பி, பின்னால் நகர்த்தி, நிறுத்தி நடுவருக்குக் காட்ட வேண்டும். மதிப்பெண் பிள்ளைக்குத்தான், குதிரையின் அழகுக்கு அல்ல. குதிரைக்கு மதிப்பெண் போடுவது ஹால்ட்டர் வகுப்பு, அது வேறு. சவாரி வகுப்புகளும் தனி: வெஸ்டர்ன் ப்ளெஷர், ஹண்டர், பாலமும் கட்டையும் தாண்டும் ட்ரெயில். இரண்டு குதிரைகளைப் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுத் தோற்றதை வெளியேற்றும் கம்ப ஓட்டமும் உண்டு. அதைப் பார்க்க மட்டும் இருந்துவிட்டு வாருங்கள், கிராமத்து ரேக்ளா நினைவு வரும்.

படிவம்: இங்கே குதிரை சம்பந்தப்பட்ட எந்த இடத்துக்குப் போனாலும் இந்தக் கையெழுத்து கேட்பார்கள். பெரும்பாலான மாநிலங்களில் இதற்கென்று சட்டமே இருக்கிறது, அதனால்தான் அந்த மொழி அப்படி. நான் போட்டேன். ஆனால் படித்துப் போடுங்கள். அவசரத் தொடர்பு எண்ணில் உங்கள் எண்ணோடு டீச்சருடையதையும் எழுதுங்கள். மாமா சொன்ன இன்ஷூரன்ஸ் அட்டையைப் போனில் படமெடுத்து வையுங்கள், அவர் சொன்னதில் அது சரிதான்.

குதிரையின் பதிவுத் தாள் நகல், காகின்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று, மாநில எல்லை தாண்டக் கால்நடை மருத்துவரின் தாள், இதெல்லாம் லாயத்துக்காரர் தலைவலி. எல்லாம் தயாரா என்று ஒரு வார்த்தை மட்டும் கேளுங்கள்.

உடை: காலர் வைத்த முழுக்கை சட்டை உள்ளே செருகி, கறுப்பு ஜீன்ஸ், குதிகால் உள்ள பூட்ஸ். முடியை இறுகப் பின்னுங்கள், எண் அட்டையை முதுகில் குத்துவார்கள், பின்னல் அதை மறைக்கக் கூடாது. கொலுசு, தொங்கட்டான் வேண்டாம்.

ஹூஸ்டன் மாமா (வெள்ளி, காலை 7:30)

கௌபாய் தொப்பி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும்.

ஸ்போக்கேன் வசந்தி (வெள்ளி, காலை 7:34)

மாமா, ஹெல்மெட் போட்டாலும் மதிப்பெண் குறையாது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு நான் ஹெல்மெட்தான் சொல்வேன்.

கால்நடைக் கண்ணன் (வெள்ளி, காலை 8:10)

நான் நாமக்கல்லில் படித்துவிட்டு இங்கே குதிரை மருத்துவமனை ஒன்றில் வேலை பார்க்கிறேன். கண்ணைச் சுற்றிய வெள்ளை, திட்டுத் தோல், கோடு விழுந்த குளம்பு மூன்றும் அப்பலூசாவின் அடையாளம். பதிவு செய்யும்போதே இதையெல்லாம் பார்ப்பார்கள். பெப்பர் மிரளவில்லை, அவள் முகமே அப்படி. ஆனால் இந்த இனத்துக்குக் கண் அழற்சி மற்றக் குதிரைகளைவிட அதிகம் வரும். கண்ணில் நீர் வடிந்தாலோ, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே நின்றாலோ உடனே டீச்சரிடம் சொல்லுங்கள். முதுகில் புள்ளி குறைந்து ஏறக்குறைய முழு வெள்ளையாக இருக்கும் சிலவற்றுக்கு இருட்டில் பார்வை தெரியாது, பிறவியிலேயே. பகலில் ஒன்றும் இல்லை. ரோஜா நிற மூக்குக்கு வெயில் காந்தும், சன்ஸ்க்ரீன் தடவுவார்கள். சிரிக்காதீர்கள்.

மாமியாருக்குச் சுழி நல்ல சுழி என்று சொல்லிவிடுங்கள்.

புதுக்குடித்தனம் (வெள்ளி, காலை 9:20)

இப்போதுதான் காபி குடித்தேன். ஏறப் போவதில்லை என்பதே எனக்குத் தெரியாது! அவளும் சொல்லவில்லை. கேட்டால் "நீ கேக்கலையே" என்கிறாள். நாற்பது நிமிடமாக நடுவர் எங்கே நின்றால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள். அது என்ன கணக்கு?

ஸ்போக்கேன் வசந்தி (வெள்ளி, காலை 9:45)

அதுதான் இந்த வகுப்பின் உயிர். சாப்பாட்டு நாற்காலியைக் கூடத்துக்கு நடுவில் போடுங்கள். சாய்மானப் பக்கம் வால், மறுபக்கம் தலை. மகள் தலைப்பக்கம் நிற்கட்டும். நீங்கள் நடுவர், மெதுவாக நாற்காலியைச் சுற்றி வாருங்கள். நீங்கள் முன்பாதியில், தோள் பக்கம் நின்றால் அவள் எதிர்ப் பக்கம் போக வேண்டும். பின்பாதிக்கு, இடுப்புப் பக்கம் போய்விட்டால் அவள் உங்கள் பக்கத்துக்கே வந்துவிட வேண்டும். நடுவர் பார்வையை மறைக்கக் கூடாது, குதிரை அவரை உதைக்கும்படி திரும்பவும் விடக் கூடாது, இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் கணக்கு. குதிரைக்கு நேர் முன்னால் மட்டும் நிற்கவே கூடாது. மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, எட்டுப் போல மடித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். இருபது சுற்று போதும். நடுவர் இரண்டு பேர் என்றால் ஒரே ஓட்டத்துக்கு இரண்டு முடிவு வரும், குழம்ப வேண்டாம்.

போக வர: புல்மனிலிருந்து மாஸ்கோ எட்டு மைல். லாயத்தில் வேறு பெற்றோர் கட்டாயம் போவார்கள், டீச்சரிடமே கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், இங்கே இது சகஜம். நேரமெல்லாம் நம்பாதீர்கள், "23ஆம் வகுப்பு முடிந்ததும் 24" என்றுதான் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், தயிர்சாதம், காலைக் குளிருக்கு ஒரு கோட்டு எடுத்துப் போங்கள். திரும்பும் வழியில் அதே ரோட்டில் கிளப் தலைமையகமும் அப்பலூசா மியூசியமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ரசம்சாதம் (வெள்ளி, காலை 10:02)

அந்த மேடு பள்ளமெல்லாம் பருப்பும் கொண்டைக்கடலையும் விளைகிற நிலம். புல்மனில் ஆகஸ்டில் பருப்புத் திருவிழாவே உண்டு. பருப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு தோசை மாவு புளிக்கவில்லை என்று அழலாமா? ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள்.

பேரவை பாலு (வெள்ளி, காலை 10:20)

புல்மனில் தமிழ்ப் பள்ளி இருக்கிறதா? சும்மா கேட்கிறேன்.

புதுக்குடித்தனம் (சனி, இரவு 8:50)

வந்துவிட்டோம். லாயத்தில் ஒரு பாட்டி தன் டிரக்கில் அழைத்துப் போனார், வழியெல்லாம் நாய் என் மடியில். காலை எட்டு மணி என்றார்கள், எங்கள் வகுப்பு பதினொன்றே முக்காலுக்குத்தான். ஆறு பிள்ளைகள். ஒரு நடுவர் மூன்றாமிடம் கொடுத்தார், மஞ்சள் ரிப்பன். இன்னொருவர் ஆறாமிடம், பச்சை. பின்னால் நகர்த்தும்போது பெப்பர் நட்ட கல்லாக நின்றுவிட்டாள், மகள் ஏதோ கிசுகிசுத்த பிறகு நகர்ந்தாள். என்ன சொன்னாய் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள். தமிழில்தான் சொன்னாளாம்.

ரஞ்சி அக்கா, சிவப்பு இரண்டாமிடத்துக்குத்தான். ஆனால் உங்கள் பதினொன்றும் முதலிடம் என்றே எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம். பாலு சார், பள்ளி இல்லை, ஆன்லைனில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பூட்ஸ் இரவல், பெருவிரல் இடித்துச் சிவந்திருக்கிறது. ஜூனில் அடுத்த ஷோவாம். ஸ்போக்கேன் பக்கம் பழைய வெஸ்டர்ன் பூட்ஸ், சிறுவர் அளவு நாலு, யாரிடமாவது இருக்கிறதா? குதிரை வாடை கோட்டிலிருந்து போக என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள், கணவர் நாளைக் காலை வந்துவிடுவார்.