மெட்டாமெரிசம்: ‘பொய்நிறம்’ வேண்டாம், ‘நிறப்போலி’ போதும்

வணக்கம் ஐயா.

வெவ்வேறு அலைநீளக் கலவைகள் நம் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரிவதுதான் மெட்டாமெரிசம். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் சொன்ன ‘பொய்நிறம்’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறம் பொருளில் இருக்கிறதா, பார்ப்பவரிடம் இருக்கிறதா என்ற இன்னும் முடியாத வழக்குக்கு அது சத்தமில்லாமல் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

போன மாதம் வீட்டில் அரக்குப் பட்டுக்கு ரவிக்கைத் துணி எடுத்தார்கள். கடை டியூப்லைட்டில் இரண்டும் ஒரே நிறம். வாசலில் வெயிலில் விரித்தால் துணி லேசாகப் பழுப்பு அடிக்கிறது. வெட்டிய துணியைத் திரும்ப வாங்க மாட்டார்களாம், அது வேறு கதை. இரண்டு சாயங்களும் அலைநீளங்களை வெவ்வேறு விகிதத்தில் திருப்பி அனுப்புகின்றன. டியூப்லைட்டின் கீழ் அந்த வேறுபாடு நம் கண்ணில் நிறத்தை உணரும் மூவகைக் கூம்புச் செல்களுக்குப் பிடிபடவில்லை. சரி, இதில் பொய் சொன்னது எது? வெயில்தான் உண்மை என்றால் உச்சி வெயிலா, சாயங்கால வெயிலா?

கைபேசியில் எலுமிச்சம்பழப் படத்தைப் பாருங்கள். திரையில் மஞ்சள் விளக்கே கிடையாது. சிவப்பும் பச்சையும் சேர்ந்துதான் மஞ்சளாகத் தெரிகிறது. சோடியம் விளக்கின் மஞ்சளோ 589 நானோமீட்டரை ஒட்டிய ஒளி. நமக்கு இரண்டும் மஞ்சள். நால்வகைக் கூம்புகள் உள்ள பறவைக்கு அப்படித் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. கதிர்களுக்கே நிறம் கிடையாது என்று நியூட்டன் 1704இலேயே எழுதிவிட்டார். ‘பொய்நிறம்’ என்றால், பொருளின் மேல் ‘மெய்நிறம்’ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஆகிவிடுமே.

நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது: போலி. அறம், அறன், பந்தல், பந்தர். எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. இங்கே எழுத்தின் இடத்தில் அலைநீளக் கலவை, பொருளின் இடத்தில் நிறம். இன்னொரு பொருத்தமும் உண்டு. அறனும் அறமும் ஒன்று என்பது தமிழ் தெரிந்தவருக்குத்தான். மற்றவர் காதுக்கு அவை இரண்டு ஒலிகள். நிறப்போலியும் அப்படியே பார்ப்பவரைச் சார்ந்தது.

> போலி டாக்டர், போலிச் சான்றிதழ் எல்லாம் நினைவுக்கு வருமே?

வரும். அதனால்தான் ‘போலிநிறம்’ என்று திருப்பிப் போடக் கூடாது என்கிறேன். முதற்போலி, கடைப்போலி வரிசையில் ‘நிறப்போலி’ என்றால் அந்தக் கள்ள வாடை அவ்வளவாக அடிக்காது.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘இந்த இரண்டு துணிகளும் டியூப்லைட்டில் நிறப்போலிகள், வெயிலில் அல்ல.’ இடறவில்லை. இப்படி ஒத்துத் தெரியும் இணையில் ஒன்றான மெட்டாமருக்கு நிறப்போலி, மெட்டாமெரிசத்துக்கு நிறப்போலித்தன்மை. பின்னது கொஞ்சம் நீளம்தான். யாராவது சுருக்கித் தந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்