ஹைதராபாத் மூன்று நாள் பயணத் திட்டம்: ஒரு திருத்தம்

முன்பு போட்ட வெள்ளி, சனி, ஞாயிறு திட்டத்தில் முதல் நாளே சாலார் ஜங் அருங்காட்சியகம், சௌமஹல்லா அரண்மனை இரண்டையும் வைத்திருந்தேன். தப்பு. இரண்டுக்கும் வெள்ளி விடுமுறை. சார்மினாரை ஒட்டிய மெக்கா மசூதியிலும் வெள்ளி மதியத் தொழுகைக் கூட்டம். சார்மினார் பக்கம் ஆட்டோ நகராது.

ஆகவே வெள்ளிக்குக் கோல்கொண்டா கோட்டை. காலையிலேயே ஏறுங்கள்: உச்சிக்குச் சுமார் 360 படிகள், வழியில் நிழல் குறைவு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். கீழே நுழைவாயில் குவிமாடத்தடியில் கைதட்டினால் மேலே உச்சியிலுள்ள பாலா ஹிஸார் மண்டபத்தில் கேட்கும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்றால்தான் சோதிக்க முடியும்.

சனிக்கிழமை சாலார் ஜங். இசைக் கடிகாரத்தில் மணிக்கொரு முறை ஒரு குட்டி பொம்மை வெளியே வந்து மணியடிக்கும். மதியம் பன்னிரண்டு முறை மணியடிப்பதைப் பார்க்க 11.45க்கே இடம் பிடிக்கணும். பிறகு சார்மினார், சௌமஹல்லா. சார்மினாருக்கு நேரடி மெட்ரோ கிடையாது, எம்.ஜி.பி.எஸ். (மகாத்மா காந்தி பேருந்து நிலையம்) மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ.

சாப்பாட்டில் ஒரே மாற்றம்: பிரியாணியை மதியத்துக்கு நகர்த்தியாச்சு. கச்சி பிரியாணியில் பச்சைக் கறியும் அரைவேக்காட்டு அரிசியும் சேர்ந்தே தம்மில், அதாவது மூடிய அண்டாவின் ஆவியில், வேகும். அண்டா திறந்து நேரமானால் சோறு காய்ந்துவிடும். நிஹாரி (மெதுவாக வெந்த கறிக் குழம்பு) விடியற்காலைச் சமாச்சாரம், ஞாயிறு ஏழு மணிக்குள் போங்கள், குல்ச்சா ரொட்டியோடு சாப்பிட. மாலைக்கு இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும். கறியும் கோதுமையும் குழைய வெந்த ஹலீம்? ரம்ஜான் மாதத்தில் வந்தால் மட்டும் தேடுங்கள்.