பெரிய வீட்டுப் பங்காளிகள், காரைக்குடி

அழகப்பன்: பெரியப்பச்சி, கல்லூரிக் கருத்தரங்கில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பான்மை இல்லாத அரசால் வெளியுறவை நடத்த முடியுமா என்பது தலைப்பு. முடியாது என்று எழுதுகிறேன்.

பெரியப்பச்சி: எதை வைத்து?

அழகப்பன்: 1991, வளைகுடாப் போர். அமெரிக்க ராணுவ விமானங்கள் இங்கே எரிபொருள் நிரப்ப சந்திரசேகர் அரசு அனுமதி கொடுத்தது. வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த காங்கிரஸ் எதிர்த்ததும் பிப்ரவரியில் அது நின்றுபோனது.

வள்ளியம்மை ஆச்சி: 2008ஐயும் சேர்த்துக்கொள் தம்பி. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து மன்மோகன் சிங் அரசுக்குக் கொடுத்த ஆதரவை இடதுசாரிகள் விலக்கினார்கள். ஜூலை 22 நம்பிக்கை வாக்கெடுப்பில் 275க்கு 256 என்று அரசு தப்பியது. நம் தொகுதி எம்.பி. சிதம்பரம் அப்போது நிதியமைச்சர். அன்றைக்கு டிவியை விட்டு யாரும் எழுந்திருக்கவில்லை.

பெரியப்பச்சி: ஆனால் அந்த அக்டோபரிலேயே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதே வள்ளி. அழகு, நரசிம்ம ராவை ஏன் விட்டாய்? பெரும்பான்மை இல்லாமல் வந்தவர்தான். 1992 ஜனவரியில் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு வைத்தார். தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு நெருங்கும் கிழக்கு நோக்கும் கொள்கையும் அவர் காலத்தில் வந்தது. நம் நாட்டில் வெளிநாட்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை, அமைச்சரவை முடிவே போதும். அதனால் பெரும்பான்மையை மட்டும் பார்க்காதே, ஆதரவு தருகிறவர்களை முன்கூட்டியே கலந்து பேசினார்களா என்று பார்.

பெரியப்பச்சி: 1996ல் தேவகவுடா அரசு காங்கிரஸ் தயவில் நின்றது. குஜ்ரால் வெளியுறவு அமைச்சர். அந்த டிசம்பரில் வங்கதேசத்துடன் 30 ஆண்டுக்கு கங்கை நீர் ஒப்பந்தம் போட்டார்கள். தண்ணீரை விட்டுக்கொடுக்க வேண்டிய மேற்கு வங்கத்தின் முதல்வர் ஜோதிபாசுவையே பேச்சில் முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு அதுதான் பெரிய சாதனை.

சொக்கலிங்கம் அண்ணன்: பெரும்பான்மை இருந்தபோது மட்டும் நமக்கு என்ன கிடைத்தது? 1963, 64ல் நம்மவர்கள் தொழில் செய்த பர்மாவில் நெ வின் ராணுவ அரசு வங்கி, கடை எல்லாவற்றையும் அரசுடைமை ஆக்கியபோது, 1962 தேர்தலில் 361 இடம் ஜெயித்த காங்கிரஸ்தான் டெல்லியில் இருந்தது. ஐயா ஒரு பெட்டியோடு கப்பலேறி வந்தார். ரங்கூன் பத்திரங்கள் இன்னும் மேல்வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கின்றன.

வள்ளியம்மை ஆச்சி: ஆமாம் அண்ணே. அப்பத்தா சாகும்வரை அதையேதான் சொன்னார்கள்.

அழகப்பன்: அதையும் பேசுகிறேன் அண்ணே. 1991ஐயும் 1996ஐயும் அடுத்தடுத்து வைக்கிறேன்.

பெரியப்பச்சி: வை. அந்த கங்கை ஒப்பந்தத்தின் 30 ஆண்டுக் கெடு 2026 டிசம்பரோடு முடிகிறது. மறுபடி பேசும்போதும் மேற்கு வங்க அரசை முதலிலேயே கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்.