எண்ணை மாற்றியும் விடை மாறவில்லை: டாட் மாட் கோப்பால் போன இரண்டு நாள்

பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று எப்படி வீசுகிறது என்று கணக்குப் போடும் ஃபோர்ட்ரான் புரோகிராம்தான் என் எம்.எஸ்சி புராஜெக்ட். எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை, அந்தக் காற்றிலேயே வளர்ந்தவன், அதனால் விடை தப்பாக வந்தால் உடனே உறுத்தும். தரையின் கரடுமுரடு அளவை 0.03-இலிருந்து 0.1-ஆக ஏற்றினால் தரையோரக் காற்று குறைய வேண்டும். ஏற்றினேன், மேக் (மாறிய சோர்ஸ் கோப்புகளை மட்டும் கண்டுபிடித்துக் கம்பைல் பண்ண வைக்கும் புரோகிராம்) கொடுத்தேன், ஓட்டினேன். கடைசி தசமம் வரை பழைய விடையே வந்தது.

சூத்திரத்தில் தப்பு என்று நினைத்து இரண்டு நாள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன், மாஷிடமும் (ஆசிரியரிடம்) போய்க் காட்டினேன், அவரும் சூத்திரம் சரி என்றார். அப்புறம்தான் கவனித்தேன், மேக் ஒவ்வொரு தடவையும் 'அப் டு டேட்' என்றே சொல்லியிருக்கிறது, கம்பைல் பண்ணவே இல்லை. மேக் கிளீன் கொடுத்து மறுபடி ஓட்டினால் 'எம்2சி: கமாண்ட் நாட் ஃபவுண்ட்'. ஃபோர்ட்ரான் கம்பைலர் ஜிஃபோர்ட்ரான் இருக்கும்போது இந்த எம்2சி எங்கிருந்து வந்தது?

அது மாடுலா-2 மொழியின் கம்பைலர். அந்த மொழியில் டாட் மாட் (.mod) என்பது சோர்ஸ் கோப்பு, அதை எம்2சி வைத்து டாட் ஓ (கம்பைல் ஆன கோப்பு) ஆக்கும் விதி குனு மேக்கில் பிறவியிலேயே இருக்கிறது. ஃபோர்ட்ரானிலோ டாட் மாட் என்பது மாட்யூலைக் கம்பைல் பண்ணும்போது ஜிஃபோர்ட்ரான் தானே எழுதி வைக்கும் கோப்பு. ஃபோர்ட்ரான் சோர்ஸ் கோப்பான டாட் எஃப்90-க்கு மேக்கில் பிறவி விதி கிடையாது, அதனால் எனக்கு முன் இதைப் பார்த்தவர் பழைய பாணி சஃபிக்ஸ் விதியாக (கோப்புப் பெயரின் வால்களை ஒரு பட்டியல் வரிசைப்படி பார்க்கும் விதி) எழுதி, அந்தப் பட்டியலின் கடைசியில் டாட் எஃப்90-ஐச் சேர்த்திருந்தார். முதல் தடவை டாட் மாட் இல்லை, ஒழுங்காக ஓடியது. அது பிறந்த பிறகு, பட்டியலில் முன்னால் நிற்கும் டாட் மாட்தான் சோர்ஸ் என்று மேக் எடுத்துக்கொண்டது, டாட் ஓ அதைவிடப் புதியதாக இருந்ததால் வேலை இல்லை என்று விட்டுவிட்டது. நான் திருத்திய டாட் எஃப்90 பக்கம் திரும்பவே இல்லை. எரர் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சத்தமில்லாமல் பழைய விடையைத் தருவதுதான் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

மேக்குக்கு விதிகள் எழுதி வைக்கும் மேக்ஃபைலில் ஒரே வரி சேர்த்தேன்: பெர்சன்ட் டாட் ஓ, கோலன், பெர்சன்ட் டாட் மாட், அதன் கீழே கட்டளை எதுவும் வேண்டாம். அந்தப் பிறவி விதி ரத்தாகிவிடும். சஃபிக்ஸ் விதியையும் இதே மாதிரி பெர்சன்ட் வைத்த பேட்டர்ன் விதியாக மாற்றிவிட்டேன். காற்று குறைந்தது.

*

இதைப் படித்துவிட்டுக் குப்பம் ஊரிலிருந்து எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி, தம்பி. எந்த ஃபோர்ட்ரான் கம்பைலர் என்று மேக்குக்குச் சொல்லும் எஃப்சி-யை, எஃப்சி கேள்விக்குறி சமம் ஜிஃபோர்ட்ரான் என்று எழுதியிருந்தேன், மேக்கோ எஃப்77 என்ற கம்பைலரையே தேடிக்கொண்டிருந்தது. கேள்விக்குறி போட்டால் ஏற்கெனவே மதிப்பு இல்லாதபோது மட்டும்தான் வைக்கும், மேக்கிலோ எஃப்சி-க்குப் பிறவியிலேயே எஃப்77 என்று மதிப்பு உண்டு. 1976-இல் பெல் லேப்ஸில் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன்தான் முதல் ஃபோர்ட்ரான் 77 கம்பைலரையும் எழுதியவர், அந்தப் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் சமக்குறி போட்டதும் சரியானது. 'மேக் -பி' கொடுத்துப் பாருங்கள், பிறவி விதிகள் எல்லாவற்றையும் கொட்டிக் காட்டும். எதுவுமே வேண்டாம் என்றால் 'மேக் -ஆர்'.